கெல்ப் காட்டில் படம் எடுப்பது எப்படி: முதலில் வெளிச்சம், அப்புறம்தான் மீன்

பவளப்பாறையில் படம் எடுத்துப் பழகியவர்கள் குளிர்கடலில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காட்டுக்குள் முதல்முறை இறங்கும்போது பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: மீனைப் பார்த்ததும் அதன் பின்னால் போவார்கள். மீன் நாலு தண்டுகளைத் தாண்டிப் போய்விடும், இவர்களுடைய ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் பயன்படும் ஃபிளாஷ்) விளக்கைத் தாங்கும் கைகள் அதே நாலு தண்டுகளிலும் மாட்டிக்கொள்ளும், அடிமண் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். கடைசியில் கையில் இருப்பது பச்சைக் கலங்கலில் பாதி மறைந்த ஒரு வால். இங்கே வேலையின் வரிசையே வேறு. வெளிச்சமும் பின்னணியும் ஒத்துவருகிற ஒரு இடைவெளியை முதலில் பிடியுங்கள், கேமராவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அங்கேயே இருங்கள். கெல்ப் காட்டில் உயிர்களுக்குப் பஞ்சம் கிடையாது, பத்து நிமிடம் அடங்கி இருந்தால் ஏதாவது ஒன்று அந்த இடைவெளிக்குள் வரும்.

குளிர்நீரில் டைவ் செய்ய ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடம்பு நனையாமல் காக்கும் ட்ரை சூட்டோடு ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்க இன்னும் வரவில்லை என்றால் கேமராவைக் கரையில் வைத்துவிட்டு அதைப் பழகுங்கள். கேமரா கையில் இருந்தால் கவனம் முழுக்க அதில்தான் போகும், மற்றதெல்லாம் யோசிக்காமலே நடக்க வேண்டும்.

எந்தக் கெல்ப், எந்த மாதம்

கெல்ப் என்பது ஒரே மாதிரி காடு இல்லை. படம் எப்படி வரும் என்பதை அது எந்த வகைக் கெல்ப் என்பதே பாதி முடிவு செய்துவிடும். கலிஃபோர்னியா, சிலி, நியூசிலாந்து, டாஸ்மேனியா பக்கங்களில் வளரும் ராட்சதக் கெல்ப் 30 மீட்டருக்கு மேல் உயரும். தண்டு நெடுக ஒவ்வொரு இலைக்கும் ஒரு காற்றுப்பை இருக்கும், அதனால் செடி முழுவதும் நிமிர்ந்து நின்று மேற்பரப்பில் கூரை போல விரியும். கோவில் தூண்களுக்கு நடுவே நிற்கிற மாதிரியான அந்தப் பிரபலமான படங்களெல்லாம் இதில்தான் வருகின்றன. வடக்கு கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை உள்ள புல் கெல்ப்புக்கு (bull kelp) நீளமான ஒற்றைத் தண்டும் உச்சியில் ஒரே ஒரு பெரிய காற்றுப்பையும்தான். அது பெரும்பாலும் ஓராண்டுச் செடி, கோடைக் கடைசியில் உச்சத்தில் இருக்கும், குளிர்காலப் புயல்கள் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஜனவரியில் போய் நின்று கூரையைத் தேடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கடல் மூங்கில் தண்டுகள் தடித்தவை, ஆழம் குறைந்த இடத்தில் நெருக்கமாக நிற்கும், வெளிச்சம் தாராளம். நார்வே, ஸ்காட்லாந்து பக்கத்து லாமினேரியாவோ ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான். அங்கே காட்டுக்குள் நின்று படம் எடுக்க முடியாது, அதன் தலைக்கு மேலே மிதந்தபடியோ, இலைகளுக்கு அடியில் கேமராவை மட்டும் நுழைத்தோதான் எடுக்க வேண்டும். நாம் மனதில் வைத்திருக்கும் படமும் நாம் போகிற கடலும் பொருந்துகிறதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது தெளிவு. கெல்ப்பை வளர்ப்பது ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த, நைட்ரேட் நிறைந்த தண்ணீர். அதே நைட்ரேட்தான் நுண்ணுயிர் மிதவைகளையும் பெருக்கித் தண்ணீரைக் கலங்கடிக்கிறது. காட்டுக்கு நல்ல காலம் கேமராவுக்குக் கெட்ட காலமாக இருப்பது இதனால்தான். கலிஃபோர்னியாவில் வசந்தத்தில் மேலெழும் நீரோட்டம் வலுக்கும், தண்ணீர் பச்சைக் கஞ்சியாகிவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பொதுவாகத் தெளிவாக இருக்கும். கேப் டவுன் பக்கம் இன்னும் வேடிக்கை. கோடையின் தென்கிழக்குக் காற்று அட்லாண்டிக் கரையில் தண்ணீரை எலும்பை உறையவைக்கிற அளவு குளிர்ச்சியாகவும் தெளிவாகவும் ஆக்கும், குளிர்காலத்தில் ஃபால்ஸ் பே வளைகுடா பக்கம் தெளியும். வடக்கு ஐரோப்பாவில் வசந்த மிதவைப் பெருக்கம் தொடங்குவதற்கு முன்னால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் பகல் குறைவு. எங்கே போனாலும் உள்ளூர் டைவர்களிடம் "எந்த மாதம் தெளிவு" என்று மட்டும் கேட்காமல் "எந்தக் காற்றுக்கு அப்புறம் தெளிவு" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உபயோகப்படும்.

இன்னொன்று: மேலே பச்சைக் கலங்கலைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டாம். சூடான மேலடுக்குக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு மீட்டரில் குளிர் அடுக்கு தெளிவாகவும் இருட்டாகவும் இருப்பது அடிக்கடி நடக்கும். மேலடுக்கு சூரியனுக்கு ஒரு பச்சைத் திரை போட்டுவிடும், கீழே ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் பாறை மேல் இருப்பதை நிதானமாக எடுக்கலாம். அன்றைக்கு அகலக் கோணத்தை மறந்துவிட்டு மிகச் சிறியவற்றை நெருங்கி எடுக்கும் மேக்ரோவுக்கு மாறுங்கள். ஆனால் தண்ணீருக்கடியில் லென்ஸ் மாற்ற முடியாதே! அதனால் இறங்குவதற்கு முன்பே டைவை முடித்துவிட்டு வந்தவர் யாராவது இருந்தால் அவர் வாயைக் கிளறிவிடுங்கள்.

குளிர் கேமராவுக்கும் உண்டு, விரல்களுக்கும் உண்டு

ஹவுசிங்கை, அதாவது கேமராவின் நீர்புகாப் பெட்டியை, எங்கே மூடுகிறீர்கள் என்பது முக்கியம். வெதுவெதுப்பான ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடி 10 டிகிரித் தண்ணீரில் இறக்கினால், அந்த ஈரம் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போர்ட் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படியும். டைவின் முதல் கால்மணி நேரம் நன்றாக இருக்கும், நல்ல காட்சி வரும்போது பார்த்தால் எல்லாம் மங்கல். குளிர்ந்த, உலர்ந்த அறையில் மூடுங்கள், சிலிகா ஜெல் பை ஒன்றைப் போடுங்கள், மூடின ஹவுசிங்கைப் படகின் மேல்தளத்தில் வெயிலில் வைக்காமல் ஈரத் துண்டு சுற்றி நிழலில் வையுங்கள். ஹவுசிங்கை மூடும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தில் முடி, மணல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குளிரில் ரப்பர் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும், அதனால் உள்காற்றை உறிஞ்சிக் கசிவு சோதிக்கும் வசதி உங்கள் ஹவுசிங்கில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்யுங்கள். லித்தியம் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியோடு "ஒரு டைவுக்குப் போதும்" என்று இறங்குவது வெப்பக் கடலில் பலிக்கும், இங்கே பலிக்காது.

கையுறை பெரிய தொல்லை. 5 மி.மீ. கையுறைக்குள் ஷட்டர் பொத்தானின் அரை அழுத்தம் எங்கே, முழு அழுத்தம் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. ஃபோகஸை ஷட்டரிலிருந்து பிரித்துக் கட்டைவிரலுக்கு மாற்றிவிடுங்கள், குளிர்நீரில் இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை. மெனுவுக்குள் போய் எதையும் மாற்றும் திட்டமே வேண்டாம். இரண்டு அமைப்புகளை, ஒன்று சூரியனைப் பார்த்து எடுப்பதற்கு, இன்னொன்று நிழலில் எடுப்பதற்கு, கேமராவின் தனிப்பயன் நினைவில் வைத்துக்கொண்டு ஒரே திருகில் மாறிக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனால் டைவை முடியுங்கள். படத்துக்காகச் சொல்லவில்லை, மரத்த விரலால் சிக்கின கெல்ப்பை விடுவிக்க முடியாது. மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரும் குளிர்நீருக்கு ஏற்றதாக இருக்கட்டும், 10 டிகிரிக்குக் கீழே சாதாரண ரெகுலேட்டர் உறைந்து காற்றைக் கொட்ட ஆரம்பிக்கலாம்.

மாட்டிக்கொள்வது

மாட்டிக்கொள்வீர்கள். அதில் சந்தேகமே வேண்டாம், எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். சிலிண்டர் வால்வு, காலில் மாட்டும் துடுப்பின் பட்டை, ஸ்ட்ரோப் கிளாம்ப், இந்த மூன்றும்தான் வழக்கமான இடங்கள். துடுப்புப் பட்டையின் வாலை உள்பக்கமாகத் திருப்பிச் சொருகுங்கள் அல்லது டேப் சுற்றுங்கள், தொங்குகிற எதையும் உடம்போடு ஒட்டிக் கட்டுங்கள். மாட்டியதும் சுற்றாதீர்கள். சுழன்றால் இன்னும் நாலு தண்டு சேர்ந்துகொள்ளும். நின்று, வந்த வழியே ஒரு அடி பின்னால் போனால் பாதி நேரம் தானாகவே விடுபடும். விடவில்லையென்றால் தண்டை இழுக்காமல் கூர்மையாக மடியுங்கள். கெல்ப் தண்டு இழுத்தால் ரப்பர் மாதிரி தாங்கும், மடித்தால் பட்டென்று முறிந்துவிடும். கத்தி எடுத்துப்போங்கள், ஆனால் அது கடைசி வழி. ரெகுலேட்டர் குழாய்க்குப் பக்கத்தில் கையுறை போட்ட கையால் கத்தி வீசுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மேலே வரும்போது கூரையில் வெளிச்ச ஓட்டை இருக்கும் இடமாகப் பார்த்து, ஒரு கையை மேலே நீட்டிக்கொண்டு வாருங்கள். கூரையின் மேல் கேமராவோடு தவழ்ந்து படகுக்குப் போவது நரகம். அதனால் காட்டுக்கு அடியில் நீந்தியே படகுக்குத் திரும்புகிற அளவு காற்றை மிச்சம் வைத்துக்கொண்டு திரும்புங்கள். படம் எடுக்கிறவர்கள் காற்றைப் பார்க்க மறப்பார்கள், இது உலகறிந்த விஷயம்.

லென்ஸும் ஸ்ட்ரோபும்

தெளிவு ஐந்து முதல் பத்து மீட்டர் இருந்தாலே நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டிய தண்ணீர் இது. அப்படியானால் கேமராவுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரைக் குறைப்பது ஒன்றுதான் வழி. மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்-ஐ லென்ஸ், அதற்கு முன்னால் அரைக்கோளக் கண்ணாடியான டோம் போர்ட், அரை மீட்டருக்குள் முன்பொருள், பின்னால் காடு. 24 மி.மீ., 35 மி.மீ. என்று நடுத்தர லென்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த கேமராவானாலும் சாம்பல்தான் வரும். நேரான கோடுகள் வளைந்துவிடுமே என்ற கவலை இங்கே கிடையாது, கெல்ப் எப்படியும் வளைந்துதான் நிற்கிறது. மேக்ரோவுக்கு 100 மி.மீ.யைவிட 60 மி.மீ. எனக்குப் பிடிக்கும், காரணம் அதேதான்: நடுவே தண்ணீர் குறைவு, அலை ஆட்டத்தில் பொருளைத் தேடிப் பிடிப்பதும் சுலபம்.

ஸ்ட்ரோப் கைகளைக் குட்டையாக வையுங்கள். பவளப்பாறையில் அகலமாக விரித்து வைக்கும் பழக்கம் இங்கே இரண்டு விதத்தில் கெடுதல். கை மாட்டும் என்பது ஒன்று. ஸ்ட்ரோபுக்கு முன்னால் ஒரு இலை வந்து நின்றுகொள்ளும் என்பது இன்னொன்று. அந்த இலை மட்டும் வெள்ளையாக எரிந்து, பின்னால் மீன் இருட்டில் இருக்கும். கைகள் குட்டையாக இருக்கும்போது மிதவைத் துகள்கள் பனிப்பொழிவு மாதிரி படத்தில் தெரியாமல் இருக்க, ஸ்ட்ரோபுகளை ஹவுசிங்கின் பிடிகளுக்குப் பின்னால் இழுத்து, சற்று வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் பொருளைத் தொட வேண்டும், போர்ட்டுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரில் நேராக விழக் கூடாது. சக்தியைக் குறைத்தே தொடங்குங்கள்.

ரொம்பக் கலங்கலாக இருந்தால் ஸ்ட்ரோபையே அணைத்துவிடுங்கள். இதைச் செய்யத்தான் பலருக்கு மனசு வராது. கெல்ப் இலையின் அழகே ஒளி அதற்குள் ஊடுருவி வருவதில் இருக்கிறது. பச்சையத்தோடு ஃபுகோசாந்தின் என்ற நிறமியும் கலந்திருப்பதால் சூரியன் பின்னாலிருந்து அடிக்கும்போது இலை தேன் நிறத்தில் ஒளிரும், முன்னாலிருந்து ஸ்ட்ரோப் அடித்தால் அதே இலை தோல் செருப்பு நிறத்துக்கு வந்துவிடும். மேல் பத்து மீட்டரில் கருப்பு வெள்ளைப் படத்துக்கும் ஸ்ட்ரோப் தேவையே இல்லை.

சரி, வெளிச்சத்தைப் பிடிப்போம்

இறங்கியதும் கேமராவைத் தூக்காதீர்கள். கூரையைப் பாருங்கள். ராட்சதக் கெல்ப்பின் கூரை அடர்த்தியாக இருந்தால் அதனடியில் பட்டப்பகலிலும் அந்தி மாதிரி இருக்கும், ஆனால் அங்கங்கே ஓட்டைகள் உண்டு. அந்த ஓட்டைகளிலிருந்து ஒளிக்கற்றைகள் சாய்வாக இறங்கும். தண்டுகள் இருட்டாகவும் அவற்றுக்கு நடுவே தண்ணீர் வெளிச்சமாகவும் இருக்கும் ஒரு வாசல்தான் நமக்கு வேண்டும். ராட்சதக் கெல்ப் நல்ல சூழலில் ஒரு நாளில் 30 செ.மீ.க்கு மேல், சில சமயம் அதைப்போல் இரு மடங்குகூட வளரும், அதனால் போன மாதம் பார்த்து வைத்த வாசல் இந்த மாதம் அடைபட்டிருக்கலாம், ஒவ்வொரு டைவிலும் புதிதாகத்தான் தேட வேண்டும்.

வாசல் கிடைத்துவிட்டதா, அடிமட்டத்துக்குப் பக்கத்தில் இறங்கி, மணலைத் தொடாமல், மேல்நோக்கிப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில், கடல் அமைதியாக இருந்தால், தலைக்கு மேலே மொத்த வானமும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அதன் விரிவு சுமார் 97 டிகிரி, ஃபிஷ்-ஐ லென்ஸுக்குள் அப்படியே அடங்கும். கெல்ப் செங்குத்தான காடு, கேமராவையும் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். கிடைமட்டமாகப் பிடித்தால் தண்டுகளின் நடுப்பகுதி மட்டும் வந்து, மேலும் தெரியாமல் கீழும் தெரியாமல் வேலிக்கம்பு மாதிரி நிற்கும்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இவை தொடக்கப்புள்ளிதான். சூரியன் சட்டகத்துக்குள் வருகிறது என்றால் ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, எஃப் 11 முதல் 16, ஷட்டர் உங்கள் கேமரா ஸ்ட்ரோபோடு ஒத்துப்போகிற அதிகபட்ச வேகம், பெரும்பாலும் 1/200 அல்லது 1/250. அந்த வேகத்தில்தான் கற்றைகள் தனித்தனியாகக் கோடாக நிற்கும், 1/60-இல் அவை கரைந்து ஒரே வெள்ளைப் புகையாகிவிடும். சூரிய வட்டை ஒரு தண்டுக்கோ இலைக்கோ பாதி பின்னால் ஒளித்துவையுங்கள், வெளுத்துப்போகாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. உச்சிவேளையில் கற்றைகள் நேராக இறங்கும், வெளிச்சம் ஆழம் வரை போகும். காலையிலும் பிற்பகலிலும் வெளிச்சம் குறைவு, ஆனால் சூரியன் பணிந்து நடந்துகொள்வான். நிழல்பக்கம் திரும்பினால் ஐ.எஸ்.ஓ. 400 முதல் 800, எஃப் 8, 1/100 பக்கம். டோம் போர்ட்டில் எஃப் 8-க்குக் கீழே திறந்தால் ஓரங்கள் குழையும், சிறிய டோமில் இன்னும் அதிகமாகவே குழையும்.

முதலில் ஸ்ட்ரோப் இல்லாமல் வெறும் தண்ணீரை எடுத்து, அந்தப் பச்சை உங்களுக்குப் பிடித்த அடர்த்திக்கு வருகிறதா என்று பாருங்கள். ஷட்டர் வேகத்தை ஏற்றினால் பச்சை அடரும், இறக்கினால் வெளிறும். அது சரியானதும் ஸ்ட்ரோபை முன்பொருளுக்கு மட்டும் சேருங்கள். பொருள் எதுவும் இல்லையா? உங்கள் டைவ் துணையின் கையை நீட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். மீன் வரும் நேரத்தில் நீங்கள் எதையும் திருகிக்கொண்டு இருக்கக் கூடாது.

அலையோடு போங்கள்

அலையின் ஆட்டம் ஆழம் குறைந்த கெல்ப் காட்டில் உங்களை ஒரு மீட்டர் முன்னே தள்ளும், ஒரு மீட்டர் பின்னே இழுக்கும். அதை எதிர்த்துத் துடுப்படித்து ஒரே இடத்தில் நிற்கப் பார்ப்பவர்களின் படமெல்லாம் மங்கலாக இருக்கும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கெல்ப் ஆடுகிறது, மீனும் அதோடு ஆடுகிறது, நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். நீங்களும் விட்டுக்கொடுத்து ஆடினால் உங்களுக்கும் மீனுக்கும் நடுவே அசைவே இல்லை! ஆட்டத்தின் இரண்டு முனைகளிலும் எல்லாம் ஒரு நொடி நிற்கும், அப்போது அழுத்துங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பொருளுக்கு இது பொருந்தாது, அது ஆடாது. அங்கே முனைக்காகக் காத்திருப்பது மட்டும்தான் வழி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் பாறையைப் பிடிக்காதீர்கள், அங்கே உயிர் இல்லாத இடமே கிடையாது. ராட்சதக் கெல்ப்பின் தண்டுகள் நாலைந்தைச் சேர்த்து இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் போதும், இழுக்க வேண்டாம்.

நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதைக் கெல்ப் சாய்ந்திருக்கும் திசையே சொல்லிவிடும். மீன்கள் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் காட்டி நிற்கும், ஆகவே முகம் வேண்டுமென்றால் நீரோட்டம் வருகிற பக்கம் நீங்கள் இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: நீங்கள் கிளப்பும் மண் நேரே மீன் மேலேயே போய் விழும். அங்கே நிற்பதானால் தரையிலிருந்து இரண்டு மீட்டராவது மேலே நில்லுங்கள், துடுப்பைத் தவளை மாதிரி அடியுங்கள். ஓட்டம் ரொம்ப வலுத்தால் காடே படுத்துவிடும், கூரை தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அன்றைக்குப் படமும் இல்லை, டைவும் வேண்டாம்.

யார் யார் வருவார்கள்

மேலிருந்து தொடங்கினால், கூரையடியில் இலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளைச் சரிகை போட்ட மாதிரி இலையில் படர்ந்திருப்பது பிரையோசோவன் என்ற மிகச் சிறிய விலங்குகளின் குடியிருப்பு, பின்னொளியில் மேக்ரோவுக்கு அற்புதமான பொருள். வட பசிபிக்கில் மெலிபி என்ற ஓடில்லாக் கடல்நத்தை, கண்ணாடி மாதிரி உடம்பும் வலைபோல் விரியும் தலையுமாக, கூட்டமாக இலைகளில் ஒட்டியிருக்கும். நேராக ஸ்ட்ரோப் அடித்தால் அது காணாமலே போய்விடும், ஒரே ஒரு ஸ்ட்ரோபைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், போர்ட்டில் ஒளி விழாதபடி கோணம் பார்த்து அடியுங்கள். ஊதாவும் ஆரஞ்சுமாக இருக்கும் ஸ்பானிஷ் ஷால் வகை இதற்கு நேர்மாறு, எப்படி எடுத்தாலும் அழகாக வரும், அதனாலேயே எல்லோரிடமும் ஒரே மாதிரி படம் இருக்கிறது.

நடுத்தண்ணீரில் நீல ராக்ஃபிஷ் கூட்டங்கள் நாம் சொன்ன வாசலுக்குள் தானாக மிதந்து வரும். இவற்றுக்காகத்தான் காத்திருப்பு. நீங்கள் நெருங்கினால் கூட்டம் பிளக்கும், மூச்சை மெதுவாக விட்டபடி நின்றால் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும். ராட்சதக் கெல்ப்ஃபிஷ் இலையோடு இலையாக ஆடிக்கொண்டிருக்கும், தானியங்கி ஃபோகஸ் அதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது, கண்மேல் ஒற்றைப் புள்ளியை வைத்துப் பக்கவாட்டு ஒளி கொடுங்கள்.

தெற்கு கலிஃபோர்னியாவின் கரிபால்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1995-இல் அந்த மாநிலத்தின் கடல்மீனாக அறிவிக்கப்பட்ட, பிடிக்கக் கூடாத மீன், எரிகிற ஆரஞ்சு நிறம். தானே முகத்துக்கு நேரே வரும், அதனால் புதியவர்களின் மெமரி கார்டில் பாதி இதுதான் இருக்கும். அந்த ஆரஞ்சில் சிவப்புச் சேனல் சீக்கிரம் நிறைந்து செதில் விவரமெல்லாம் அழிந்து பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும், ஸ்ட்ரோபை ஒரு படி இறக்கி, ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். வசந்தத்திலும் கோடையிலும் ஆண் மீன் செம்பாசிக் கூட்டில் முட்டைகளைக் காவல் காக்கும். அது உங்கள் மேல் பாய்வது பாசத்தால் இல்லை. நீங்கள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அது உங்களை விரட்டுவதில் மும்முரமாக இருக்கும், அந்த இடைவெளியில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்னும். இரண்டு படம், அப்புறம் நகருங்கள்.

அதே பக்கத்தில் கேட்டலினா, சேனல் தீவுகளைச் சுற்றிக் கோடையில் ராட்சதக் கடல் பாஸ் வரும். இரண்டு மீட்டர் நீளம், பிடித்தே கிட்டத்தட்ட ஒழித்துவிட்ட மீன், 1980களின் தொடக்கத்திலிருந்து பாதுகாப்பில் இருக்கிறது. இதைத் துரத்தி எடுத்தவர்கள் யாரும் இல்லை. ஸ்ட்ரோபை அணைத்து, ஒரு தண்டுக் கூட்டத்தை ஒட்டி நின்றால் சிலசமயம் அதுவே பார்க்க வரும். டாஸ்மேனியாவின் வீடி சீடிராகன் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கையால் திருப்பிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம், பக்கவாட்டில் அதன் வேகத்திலேயே கூட நீந்தினால் முழு உருவமும் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் ஷைஷார்க் என்ற சின்னச் சுறா, பயந்தால் வாலால் முகத்தை மூடிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட படம் வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அது பயந்த மிருகத்தின் படம். பட்டைபட்டையாக இருக்கும் பைஜாமா சுறா பகலில் பாறை இடுக்கில் கிடக்கும், இடுக்கின் வாயிலேயே காத்திருப்பதைவிடச் சாயங்காலம் அது கிளம்பும் வழியில் நிற்பது பலன் தரும்.

சீல்களும் கடல் சிங்கங்களும் வந்தால் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள், வேறு எதுவும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்காது. 1/250, தொடர் ஃபோகஸ், ஸ்ட்ரோப் குறைந்த சக்தியில், அப்போதுதான் அடுத்தடுத்துச் சார்ஜ் ஆகும். குட்டிகள் துடுப்பைக் கடிக்கும், டோமில் தங்கள் முகத்தையே பார்த்து மூக்கை ஒட்டும். அருகில் வருவதா வேண்டாமா என்பது அவற்றின் முடிவு. அமெரிக்காவில் 1972-இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்வதே குற்றம், கடல் நீர்நாய்க்கும் அதே சட்டம்தான். பெரிய ஆண் கடல் சிங்கம் குமிழி விட்டுக் குரைத்தபடி குறுக்கே போய்வந்தால் அது விளையாட்டு இல்லை, இடத்தைக் காலி செய்யுங்கள்.

அடியில், கெல்ப் பாறையைப் பற்றியிருக்கும் அந்த முடிச்சுக்குள்ளே இன்னொரு உலகம்: ஒடிநட்சத்திரங்கள், சின்ன நண்டுகள், ஆக்டோபஸ் குட்டிகள். ஸ்ட்ரோபின் முன்னால் ஸ்னூட் என்ற குறுகிய குழாயைப் போட்டு ஒளியை ஒடுக்கினால் பின்னணிக் குப்பையெல்லாம் இருட்டில் போய்விடும். முடிச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

பச்சையைப் பச்சையாக விடுங்கள்

எடிட் செய்யும்போது பலரும் முதலில் செய்வது தண்ணீரை நீலமாக்குவது. வெள்ளைச் சமநிலையை நீலப்பக்கம் தள்ளினால் கெல்ப்பின் தேன் நிறம் செத்துவிடும், தோல் நிறமெல்லாம் ஊதா ஆகும். கொஞ்சம் நீலம் வேண்டுமானால் அதைத் தண்ணீருக்கடியிலேயே செய்யலாம்: ஸ்ட்ரோபில் வெதுவெதுப்பான நிறம் தரும் டிஃப்யூசர் போட்டு, முன்பொருளுக்குச் சமநிலை பார்த்தால் பின்னணி தானாக நீலப்பக்கம் நகரும். கலங்கல் நீக்கும் ஸ்லைடரை லேசாக மட்டும் இழுங்கள், அதிகம் இழுத்தால் ஒவ்வொரு மிதவைத் துகளும் தலைதூக்கும். துகள்களை மீனின் மேலிருந்து மட்டும் அழியுங்கள். பின்னணியில் கொஞ்சம் இருக்கட்டும், அது பசுமையான, சத்துள்ள தண்ணீர், அப்படித்தான் இருக்கும்.

ரா (RAW) கோப்பாக எடுங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வெறும் பாறையையும் எடுங்கள்

போன இடத்தில் காடு இல்லாமல் ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் மட்டும் பாறை முழுக்கப் பரவிக் கிடக்கலாம். வடக்கு கலிஃபோர்னியாவில் 2013-இல் தொடங்கிய நட்சத்திரமீன் நோய் முள்ளெலிகளைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திரமீனை அழித்தது, 2014 முதல் 2016 வரையிலான கடல் வெப்ப அலை கெல்ப்பைப் பலவீனமாக்கியது, அப்புறம் முள்ளெலிகள் மீதியை மேய்ந்துவிட்டன. புல் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. டாஸ்மேனியாவின் ராட்சதக் கெல்ப்பும் ஏறக்குறைய அதே கதிதான். இந்த இடங்களில் கேமராவை மூடி வைக்காதீர்கள். அகலக் கோணம், தாழ்ந்த நிலை, ஸ்ட்ரோபை ஒரு பக்கமாகச் சாய்த்து முள்ளுக்கு முள் நிழல் விழும்படி அடித்தால் அந்த வெறுமை அப்படியே படத்தில் வரும். காடு இருக்கும் ஓரத்தையும் வெறும் பாறையையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

மறுபடி அதே இடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், அடையாளம் தெரிகிற ஒரு பாறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆழம், லென்ஸ், திசைகாட்டிக் கோணம், மாதம் இந்த நான்கையும் ஸ்லேட்டில் எழுதி, படத்தின் விவரக்குறிப்பிலும் ஏற்றிவிடுங்கள். அடுத்த வருடம் அதே ஆழத்தில், அதே கோணத்தில், அதே லென்ஸால், முடிந்தால் அதே மாதத்தில் எடுங்கள். காட்டைத் திரும்ப வளர்க்க முயல்கிற ஆய்வுக் குழுக்களுக்கு இப்படிப்பட்ட ஜோடிப் படங்கள் பயன்படும், எடிட் செய்யாத மூலக் கோப்பாகவே கொடுங்கள்.